கெணறு வெட்டுன அப்பாவோட கூச்சி சுரங்கத்துக்குப் போய் வந்தோம்

"தோண்டுன மண்ணை எங்கடா கொட்டுனாங்க, மொதல்ல அதைக் கேளு."

வியட்நாம்ல சைகோன் ஆத்துல போற படகுல கைடு மேப்பை விரிச்சு, அமெரிக்காவோட நடந்த போர்ல வியட்நாம் கெரில்லாக்காரங்க பூமிக்கு அடியில பதுங்கி இருந்த கூச்சி சுரங்கம் மொத்தம் 250 கிலோமீட்டர் இருந்துச்சுன்னு சொல்லி வாயை மூடல, எங்க அப்பா என் தோள்ல தட்டி இதைத்தான் கேட்டாரு. மத்தவங்க எல்லாம் பாம்பு இருக்குமா, மூச்சு முட்டுமா, போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பாவுக்கு மண்ணுதான் கவலை. ஏன்னா அவரு முப்பது வருஷத்துக்கு மேல புதுக்கோட்டை சுத்துவட்டாரத்துல கெணறு வெட்டு கான்ட்ராக்ட் எடுத்து செஞ்சவரு, ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கம் அவரு எறங்காத கெணறு கம்மி, போர்வெல் வண்டி ஊர் ஊரா வந்தப்புறம்தான் அந்த வேலை நின்னுச்சு. இப்ப அவருக்கு 68 வயசு.

திருச்சியிலேர்ந்து ஹோ சி மின் சிட்டிக்கு, பழைய பேரு சைகோன், நேரடி ஃப்ளைட் கிடைச்சதால நான், என் மனைவி, பத்து வயசு மக, அப்பா நாலு பேரும் ஒரு வாரம் போயிட்டு வந்தோம். அந்த வாரத்துல எங்களுக்கு ரொம்ப ஆழமா பதிஞ்ச நாள் இந்த ஒரு நாள்தான், அதனால இதை மட்டும் விரிவா எழுதுறேன், வயசான அப்பா அம்மாவையோ சின்னப் பிள்ளைங்களையோ கூட்டிட்டுப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

முதல்ல, ஏன் படகு? கூச்சிக்கு பஸ் டூர்தான் மலிவு, அரை நாள்ல முடிஞ்சிடும். படகு டூர் அதை விட நாலஞ்சு மடங்கு, எங்களுக்கு தலைக்கு நம்ம காசுல ஏழாயிரத்துக்கு மேல ஆச்சு, காலை டிபன், மதியச் சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து. நான் படகு எடுத்ததுக்குக் காரணம் அப்பாவோட முதுகு, பஸ்ல ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல உக்கார வைக்க வேணாம்னு நெனச்சேன். ஆனா போன பிறகுதான் புரிஞ்சது, அந்த இடத்துக்கு ஆத்து வழியா போனாத்தான் அது ஏன் அங்க இருக்குன்னே விளங்கும். சுரங்கத்தைப் பாக்க ரெண்டு எடம் இருக்கு, பென் தின்னு ஒண்ணு, பென் டுவோக்னு இன்னொண்ணு. "பென்"ன்னா அவங்க பாஷையில துறை, படகு கட்டுற எடம், நம்ம ஊர்ல மயிலாடுதுறை திருத்துறைப்பூண்டின்னு பேர் இருக்கிற மாதிரி. ஆள் வந்தது, அரிசி வந்தது, ஆயுதம் வந்தது எல்லாத்துக்கும் இந்த ஆறு ஒரு வழி. சில சுரங்க வாய் நேரா ஆத்தங்கரையில போய்த் திறக்குமாம், மேல குண்டு போட்டா உள்ளுக்குள்ளயே ஓடி ஆத்துல எறங்கி நீந்திப் போயிடலாம். ரோட்டு வழியா போயிருந்தா இந்த விஷயம் என் மண்டையில ஏறியிருக்காது.

காலையில ஒரு சிக்கல் ஆச்சு. புக் பண்ணுன கம்பெனி ஏழு மணிக்கு ஹோட்டல் வாசல்ல வண்டி நிக்கும்னு சொல்லியிருந்தாங்க, முக்கா மணி நேரம் லேட், போன் எடுக்கவே இல்ல. அதுல என்ன நஷ்டம்னா நாங்க சுரங்கத்துக்கிட்ட போய்ச் சேரும்போது பஸ்ல வந்த கூட்டமும் சேர்ந்துருச்சு. இது பின்னால குழிக்குள்ள எங்களுக்கு கஷ்டத்தைக் கொடுத்துச்சு, அதைச் சொல்றேன். நீங்க போனா பிக்கப்பை நம்பாதீங்க, நகரத்து நடுவுல இருக்கிற படகுத்துறைக்கு நீங்களே டாக்ஸி பிடிச்சு போயிடுறேன்னு சொல்லிடுங்க, பத்து நிமிஷம்தான்.

படகு சின்ன ஸ்பீட் போட், இருபது பேர் உக்காரலாம். கழிவறை கிடையாது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓடும், அதனால துறையிலயே போயிட்டு ஏறுங்க, சுகர் இருக்கிறவங்க இதை கைடுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நடுவுல எங்கயாவது கரையில நிறுத்துவாங்க. முன் சீட்டு காத்தா இருக்கும்னு எல்லாரும் ஓடிப்போய் பிடிக்கிறாங்க, ஆனா படகு துள்ளுற துள்ளு அத்தனையும் அங்கதான், பின்னால எஞ்சின் சத்தம், முதுகு வலி உள்ளவங்களுக்கு நடுவுல உள்ள சீட்டு நல்லது. தொப்பியை கையில பிடிச்சுக்கங்க, ஒரு வெள்ளைக்காரம்மாவோட தொப்பி எங்க கண்ணு முன்னாலயே ஆத்துல போச்சு.

461 மீட்டர் ஒசரத்துல நிக்கிற லேண்ட்மார்க் 81 கட்டடம் கொஞ்ச கொஞ்சமா பின்னால போகுது, பணக்காரங்க வீடுங்க முடியுது, அப்புறம் மணல் ஏத்துன படகுங்க, தண்ணி விளிம்பு வரைக்கும் அமுங்கி, மூக்குல ரெண்டு பெரிய கண்ணு வரைஞ்சு வருது. என் மக அந்தக் கண்ணை எண்ணிக்கிட்டே வந்தா. அதுக்கும் மேல போனா வெங்காயத்தாமரை, ஆத்தையே மூடுற அளவுக்கு, தீவு தீவா மிதந்து வருது. புரொப்பல்லர்ல சிக்குச்சுன்னா படகுக்காரர் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, உதறிட்டு மறுபடி போறாரு. போகும்போது மூணு தடவை நடந்துச்சு, யாரும் பயப்பட வேண்டியதில்ல.

அப்பாவோட கேள்விக்கு வர்றேன். கைடு பையனுக்கு முப்பது வயசு இருக்கும், இந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் முகமே மாறிருச்சு, எழுந்து வந்து அப்பா பக்கத்துல உக்காந்துட்டான். மண்ணை ராத்திரியில எடுத்துட்டுப் போய் குண்டு விழுந்த பள்ளத்துல கொட்டுவாங்களாம், ஆத்துல கரைப்பாங்களாம், வயல்ல வரப்புல சேத்து விடுவாங்களாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா தலையாட்டிட்டு, "ஆமா, வேற வழியே இல்ல, கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மண்ணு நெறமே வேற, மேல் மண்ணு வேற, பச்சை மண்ணைக் குவிச்சா ஒரு மைலுக்கு அந்தாண்டேர்ந்து தெரியும், மேல பிளேன்ல போறவனுக்கு அதை விட நல்லா தெரியும்"னாரு. அதை கைடுகிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்க அவன் அப்பாவை விட்டு நகரல.

கரைக்கு கொஞ்சம் முன்னால எதிர்க்கரையைக் காட்டி பென் சுக்னு ஒரு ஊரைப் பத்திச் சொன்னான். 1967 ஜனவரியில அமெரிக்காக்காரங்க சீடார் ஃபால்ஸ்னு ஒரு ராணுவ ஆபரேஷன் நடத்துனாங்க, சுமார் 30,000 பேர் படை, அதுல அந்த ஊர்ல இருந்த ஆறாயிரம் பேர் அளவுக்கு ஜனங்களை ஆடு மாடோட வெளியேத்தி முகாம்ல போட்டுட்டு, ஊரையே புல்டோசர் வச்சு தரைமட்டம் ஆக்கிட்டாங்க. இன்னிக்கு பாத்தா கரை முழுக்க பச்சையா அமைதியா இருக்கு. அந்தப் பச்சையும் பிற்பாடு நட்டதுதானாம், போர்ல மரம் செடி பட்டுப் போற மருந்து தெளிச்சு, காட்டை வழிச்செடுத்து, ஒரு காலத்துல மொட்டையா கிடந்த பூமி. இதைக் கேட்ட பிறகு அந்தக் கரையைப் பாக்குற பார்வையே மாறிப் போச்சு.

நாங்க போனது பென் டுவோக். நகரத்துலேர்ந்து தூரம் கூட, ஆனா பென் தின்னை விட கூட்டம் கம்மி, வசதி இருந்தா இதையே கேட்டு எடுங்க. உள்ள போனதும் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் போடுறாங்க. அது ஜெயிச்சவங்க எடுத்த படம், அதை மனசுல வச்சுக்கிட்டுப் பாக்கணும். எங்க கைடு படம் ஓடும்போது எங்கிட்ட மெதுவா சொன்னான், அவன் அம்மா வழித் தாத்தா இந்தக் குழிக்குள்ள இருந்தவரு, அப்பா வழித் தாத்தா எதிர்ப்பக்கம், அமெரிக்காவோட சேர்ந்து நின்ன சைகோன் அரசாங்கத்துப் பட்டாளத்துல இருந்தவருன்னு. ரெண்டு போட்டோவும் அவங்க வீட்டுல மாட்டியிருக்காம். நான் வேற எதுவும் கேக்கல.

அப்புறம் காட்டுக்குள்ள நடக்கணும். கருப்பு உடுப்பு, கழுத்துல கட்டம் போட்ட துண்டு போட்ட ஒருத்தர் வந்து சருகைத் தள்ளி, ஒரு சின்னப் பலகையைத் தூக்குறாரு, அடியில ஒரு ஆள் தோளை ஒடுக்கி எறங்குற அளவுக்கு ஓட்டை. கையை மேல தூக்கி எறங்கி, பலகையைத் தலைக்கு மேல வச்சு மூடிட்டா அந்த எடத்துல ஆள் இருந்த அடையாளமே இல்ல. காத்து வர்ற துளைங்களை கரையான் புத்து மாதிரி செஞ்சு மறைச்சிருக்காங்க. மோப்ப நாய் வந்தப்ப மொளகாப்பொடி தூவிப் பாத்தாங்களாம், அப்புறம் அமெரிக்க சிப்பாய்ங்க யூஸ் பண்ற சோப்பையே இவங்களும் போட்டு, அவங்க சட்டைத் துணியை துளைகிட்ட வச்சு நாயை ஏமாத்துனாங்களாம்.

என் மனைவி ரொம்ப நேரம் நின்னது சமையக்கட்டுல. அடுப்பு பூமிக்கு அடியில, புகை ஒரே வழியா மேல போகாம நீளமான வாய்க்கால் மாதிரி ஓடி, இடையில இருக்கிற குழிங்கள்ல தங்கித் தங்கி ஆறி, கடைசியில எங்கயோ தள்ளி மூடுபனி மாதிரி தரையோட தரையா கசியுது. பிரெஞ்சுக்காரங்களோட சண்டை நடந்த காலத்துலயே ஹோவாங் காம்ங்கிற ராணுவ சமையல்காரர் யோசிச்சு செஞ்ச அடுப்பு, இன்னும் அவர் பேர்லதான் சொல்றாங்க. விடியக்காலையில பனி இருக்கும்போதே சமைச்சு முடிச்சிடுவாங்க. "பொகையை மறைக்கிறதுக்கு இவ்வளவு யோசிச்சவரு சாதாரண ஆளா"ன்னு என் மனைவி கேட்டா. ஜெனரல் பேர் எல்லாம் எனக்கு மறந்துடும், இந்தப் பேர் மறக்காது.

இப்ப குழிக்குள்ள எறங்குற விஷயம். டூரிஸ்டுக்குன்னு ஒரு பகுதியை அகலப்படுத்தி, மெல்லிசா லைட் போட்டு வச்சிருக்காங்க, மொத்தமா நூறு மீட்டர் அளவு போகலாம், நடுநடுவுல வெளிய வர வழி இருக்கு. அகலப்படுத்துனதுன்னு சொல்றேனே, அதுலயே நான் முதுகை மடக்கி, சில எடத்துல முட்டி போட்டுத்தான் போனேன். உண்மையான சுரங்கம் இதை விடச் சின்னது. மூணு அடுக்கு, மேல் அடுக்கு சுமார் மூணு மீட்டர் ஆழம், நடு அடுக்கு ஆறு மீட்டர், அதுக்கும் கீழ ஒண்ணு. மேல் அடுக்கே பத்தடி, நாங்க அதுலதான் இருந்தோம்.

மக முன்னால, நான் அவ பின்னால, எனக்குப் பின்னால அப்பா. முப்பது மீட்டர் போயிருப்போம், முன்னால போன ஒரு குரூப் வீடியோ எடுக்க நின்னுட்டாங்க. பின்னால பஸ் கூட்டம் உள்ள வந்துருச்சு. முன்னயும் போக முடியல பின்னயும் வர முடியல, திரும்புறதுக்கு எடமே இல்ல, வெக்கை, பக்கத்துல இருக்கிறவன் மூச்சுதான் நமக்கு வருது. மக அழ ஆரம்பிச்சுட்டா. எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுது, அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்ப அப்பா பின்னாலேர்ந்து சத்தமா, "பாப்பா, தாத்தா பேசுறது கேக்குதா? பயம் வந்தா பேசிக்கிட்டே இருக்கணும், கெணத்துக்குள்ள நாங்க அப்படித்தான், மேல இருக்கிறவன் பேரைக் கூப்புட்டுக்கிட்டே இருப்போம். நீ படகுல பாத்தியே கண்ணு, எத்தனை கண்ணுன்னு சொல்லு"ன்னாரு. அவ தேம்பிக்கிட்டே எண்ண ஆரம்பிச்சா. வழி விட ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும், அவ நாப்பத்தி ரெண்டுல நின்னப்ப வெளிச்சம் தெரிஞ்சுது.

அதனால நான் சொல்றது, பிள்ளைங்களோட போனா முன்னால உள்ளவங்க ஒரு திருப்பம் தாண்டுற வரைக்கும் காத்திருந்து எறங்குங்க, பின்னால வர்றவங்ககிட்டயும் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. கைடு முன்னால போறதை விட உங்க குரூப்புல பெரியவங்க ஒருத்தர் முன்னாலயும் ஒருத்தர் பின்னாலயும் இருக்கிறது முக்கியம். முதல் வழியிலயே வெளிய வந்தாப் போதும், நூறு மீட்டரையும் முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. ஆஸ்துமா, பிபி, மூட்டு ஆபரேஷன் பண்ணுனவங்க எறங்கவே வேணாம், மேல பாக்கவே நெறைய இருக்கு. முழுக்கால் பேன்ட், முட்டி தேஞ்சாலும் பரவாயில்லைங்கிற பழைய துணி, பிடிமானமான செருப்பு, கொசு மருந்து, ஒரு சின்ன டார்ச், ஒரு மாத்து சட்டை. ஹேண்ட்பேக் எல்லாம் வெளிய ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போங்க, எடம் பத்தாது. மே மாசத்துலேர்ந்து நவம்பர் வரைக்கும் மழை, அந்த நேரம் மண்ணு வழுக்கும்.

அப்பா கடைசியாத்தான் வெளிய வந்தாரு. நான் பயந்துட்டேன், என்னாச்சுன்னு. உள்ள ஒரு ஓரத்துல ஒதுங்கி உக்காந்து சுவத்தைத் தடவிப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. "நம்ம ஊரு செம்புறாங்கல்லு மாதிரியே இருக்குடா. ஈரத்துல வெட்டுனா வெண்ணெய் மாதிரி வரும், காத்துப் பட்டா கல்லாயிடும். முட்டுக் கொடுக்கவே வேணாம்"னாரு. கைடும் அதேதான் சொன்னான், மழைக்காலத்துல தோண்டுவாங்க, காஞ்சா இறுகிடும். சின்ன மம்பட்டியும் மூங்கில் கூடையும்தான் கருவி. கொஞ்சம் தள்ளித் தள்ளி கெணறு மாதிரி நேரா எறக்கி, அடியில ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குடைஞ்சு வந்து சேத்துட்டு, அப்புறம் அந்தக் கெணத்தை மூடிடுவாங்களாம். இதைக் கேட்டதும் அப்பா, "ரெண்டு பேரும் நடுவுல சேரணும்னா எதிராளி கொத்துற சத்தத்தைக் காது கொடுத்து கேக்கணும், அது எல்லாருக்கும் வராது"ன்னாரு. விஷக்காத்துக்கு என்ன பண்ணுனாங்கன்னும் கேட்டாரு, ஏன்னா அவரு காலத்துல பாழுங்கெணத்துல விளக்கை எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆளை எறக்குவாங்க. இங்க எதிரி புகையும் காஸும் உள்ள விட்டா தடுக்குறதுக்கு வழியில அங்கங்க வளைச்சு எறக்கி தண்ணி நிறுத்தி வச்சிருப்பாங்களாம், முங்கித்தான் அந்தப் பக்கம் போகணும்.

அந்தத் தண்ணி வளைவுக்குள்ள எறங்கி வந்த எதிரிப் பக்கத்து ஆளுங்களையும் நெனச்சுப் பாக்கணும். 1966 ஜனவரியில சுமார் 8,000 பேர் வந்த கிரிம்ப் ஆபரேஷன்ல, அமெரிக்காவோட சேர்ந்து வந்த ஆஸ்திரேலிய இன்ஜினியர் படைக்காரங்கதான் முதல் முதல்ல உள்ள எறங்கிப் பாத்தாங்க, அப்புறம் அமெரிக்காக்காரங்களும் உடம்பு சின்னதா இருக்கிற பசங்களைப் பொறுக்கி ஒரு பிஸ்டல், ஒரு டார்ச்சோட எறக்குனாங்க. சுரங்க எலின்னு அவங்களுக்குப் பேரு. "அவனும் எவன் பெத்த புள்ளையோ"ன்னாரு அப்பா. உள்ள இருந்தவங்களுக்கோ சண்டைக்கு அடுத்தபடியா ஆளைக் கொன்னது மலேரியா. பகல் முழுக்க உள்ள, ராத்திரி காத்து வாங்க வெளிய, குழந்தை பிறந்தது உள்ள, ஆபரேஷன் உள்ள, வெடிக்காத குண்டை அறுத்து மருந்து எடுத்ததும் உள்ளதான்.

இதுக்கு நடுவுல துப்பாக்கி சுடுற எடம் ஒண்ணு வச்சிருக்காங்க. தோட்டா கணக்குல காசு, ஏகே 47-ஓ எம் 16-ஓ சுடலாம். என்னைக் கேட்டா அது அங்க இருக்கவே கூடாது. இத்தனை பேர் செத்த மண்ணுல நின்னு அந்தச் சத்தத்தைக் கேக்கும்போது வயிறு கலங்குது, மக காதைப் பொத்திக்கிட்டு அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டா. குழந்தைங்க, காது மெஷின் வச்சிருக்கிறவங்க இருந்தா கைடுகிட்ட சொல்லி சுத்தி வேற பாதையில போங்க, வழி இருக்கு.

கடைசியில எல்லாருக்கும் அவிச்ச மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாங்க, பொடிச்ச வேர்க்கடலை, உப்பு, சக்கரை தொட்டுக்கிட. குழிக்குள்ள இருந்தவங்களோட முக்கியமான சாப்பாடு அதுதான். வெளிநாட்டுக்காரங்க ஒரு துண்டு ருசி பாத்துட்டு வச்சுட்டாங்க, எங்க வீட்டாளுங்க தட்டைக் காலி பண்ணுனோம், அப்பா சின்ன வயசுல அரிசி இல்லாத நாள்ல இதைத் தின்னு வளந்தவரு. மதியச் சாப்பாட்டுக்கு சைவம்னு எழுதிக் கொடுத்தும் காய்கறியில மீன் சாஸ் ஊத்தியிருந்தாங்க. "ஆன் சாய்"னு சொல்லணும், சுத்த சைவம்ங்கிறதுக்கு அவங்க வார்த்தை அதுதான், அதைச் சொன்ன பிறகு சரியா வந்துச்சு.

பக்கத்துலயே பென் டுவோக் நினைவுக் கோயில் இருக்கு. நெறைய டூர்ல இதை விட்டுடுறாங்க, நீங்க கேட்டு வாங்கிப் பாருங்க. சுவர் முழுக்க செத்தவங்க பேரு, 44,000-க்கும் மேல, கல்லுல வெட்டியிருக்கு. எங்க யாருக்கும் அந்த எழுத்து படிக்கத் தெரியாது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் ஊதுபத்தி வச்சோம். கைடு ஒரு வரியில விரல் வச்சு நின்னான்.

திரும்பி வரும்போது மழை, படகுக்காரர் பிளாஸ்டிக் திரையை எறக்கிட்டாரு. எல்லாரும் தூங்கிட்டாங்க. அப்பா மட்டும் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாரு, அப்புறம் என்னை எழுப்பி போன்ல போட்டுப் பாருன்னாரு. 250 கிலோமீட்டர்னா எட்டு லட்சத்து இருபதாயிரம் அடி. ரெண்டரை அடி அகலம், மூணு அடி ஒசரம்னு குறைச்சே வை. அறுபத்தோரு லட்சத்து அம்பதாயிரம் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட்ங்கிற நம்ம கணக்குல 61,500 யூனிட், ரூம், கெணறு, பங்கர் எல்லாம் சேக்காம. மூணு யூனிட் பிடிக்கிற லாரியில அள்ளுனா இருபதாயிரம் லோடுக்கு மேல. கூடை ஒண்ணு அரை கன அடி பிடிக்கும்னா ஒண்ணேகால் கோடி கூடை கிட்ட.

"ஒண்ணேகால் கோடி கூடைடா. ராத்திரியில. மண்ணு நெறம் தெரியாம"ன்னு சொல்லிட்டு, திரையை லேசா விலக்கி ஆத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்தக் கணக்கை அழிச்சுடாத, வச்சிருன்னாரு. போன்ல இன்னும் இருக்கு.